மும்பையில் பக்டி வீடு (முன்பணம் கொடுத்து, குறைந்த வாடகையில் காலங்காலமாக இருக்கும் வீடு) இடித்துக் கட்டியதில் சதுர அடி குறைந்திருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

மாட்டுங்காவிலிருந்து:
எங்களுடையது செஸ் கட்டிடம் (பழுதுபார்ப்பு வரி கட்டும் பழைய கட்டிடம்), மும்பை கட்டிட விதி 33(7)-இல் மறுகட்டுமானம். பழைய அறை 220 சதுர அடி. விதிப்படி குறைந்தபட்சம் 300, அதன்மேல் 35% ஃபன்ஜிபிள் (கூடுதலாக அனுமதிக்கும் பரப்பு), ஆக 405 சதுர அடி கார்ப்பெட் (வீட்டுக்குள் புழங்கும் பரப்பு) என்று ஒப்பந்தம். சாவி வாங்கப் போன அன்று அப்பாவும் நானும் டேப் பிடித்துப் பார்த்தோம். பிளானில் ஹால் அகலம் 10 அடி. பூச்சு முடிந்த சுவருக்குச் சுவர் 9 அடி 3 அங்குலம்தான். சமையலறைக்கு வெளியே துணி காயப்போடும் இடத்தையும் சேர்த்தால்தான் கணக்கு 405-ஐத் தொடுகிறது. "எல்லாருக்கும் இதேதான், கையெழுத்துப் போடுங்க" என்கிறார் பில்டரின் ஆள். பிறந்ததிலிருந்து அந்த அறையிலேயே இருந்தவர் அப்பா. அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. என்ன வழி?

தாதரிலிருந்து:
தம்பி, இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். எங்களுக்கு நீட்டிய பொசெஷன் லெட்டரில் (வீட்டைப் பெற்றுக்கொண்டதற்கான கடிதம்) "முழுப் பரப்பும் பெற்றுக்கொண்டேன், வேறு கோரிக்கை இல்லை" என்று நடுவில் ஒரு வரி இருந்தது. அதை அடித்துவிட்டு, "அளவு குறைவு, என் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை" என்று கையால் எழுதி, நகல் எடுத்துக்கொண்ட பிறகே சாவி வாங்கினோம். அடுத்து, லைசென்ஸ் உள்ள ஆர்க்கிடெக்ட்டை வைத்து அளந்து சான்றிதழ் வாங்கினோம். ஆர்டிஐ (தகவல் உரிமை மனு) போட்டு மாநகராட்சியிடம் அங்கீகரித்த பிளானும், ம்ஹாடாவிடம் (மாநில வீட்டு வசதி வாரியம்) சான்றளித்த வாடகைதாரர் பட்டியலும் கேட்டோம். பட்டியல் ரொம்ப முக்கியம். பழைய அறையின் பரப்பு அதில்தான் பதிவாகியிருக்கும். பழைய அறை 300-க்கு மேல் என்றால் 1292 சதுர அடி வரை அந்த அளவே உங்கள் உரிமை.

இதையெல்லாம் வைத்து ம்ஹாடாவின் ரிப்பேர் போர்டில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்தோம். விற்பனை ஃபிளாட்டுகளுக்கு ஆக்குபேஷன் சர்ட்டிபிகேட் (குடியேற அனுமதிச் சான்று) வாங்குவதற்கு முன்பே கொடுத்ததால்தான் பில்டர் பேசவே வந்தார். சுவரை நகர்த்த முடியாது என்று, குறைந்த அடிகளுக்குப் பணமாகத் தந்தார். உங்கள் கட்டிடத்துக்கு அந்தச் சர்ட்டிபிகேட் வந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள்.

சயனிலிருந்து:
எங்கள் அனுபவம் அவ்வளவு சுலபமில்லை. ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) வழக்குப் போட்டோம். "நீங்கள் காசு கொடுத்து வாங்கியவரா, பழைய வாடகைதாரர்தானே?" என்ற ஒரே வாதத்தில் வழக்கு இழுத்துக்கொண்டே போனது. ஆனாலும் 2016 ரெரா சட்டத்தின் கார்ப்பெட் விளக்கத்தைப் படித்து வையுங்கள்: உள் தடுப்புச் சுவர் சேரும், வெளிச்சுவர், சர்வீஸ் ஷாஃப்ட், உங்களுக்கென்று உள்ள பால்கனி சேராது. உங்கள் ஒப்பந்தத்திலும் அதே விளக்கம் இருந்து, அந்தத் துணி காயும் இடம் பால்கனி என்றால், அதை 405-க்குள் அடக்க முடியாது.

நுகர்வோர் ஆணையமும் ஒரு வழி. நிலத்தைக் கொடுத்து வீடு வாங்கிக்கொள்ளும் உரிமையாளரும் நுகர்வோரே என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வாடகைதாரருக்கு அது பொருந்தாது என்று எதிர்த்தரப்பு வாதாடும், தயாராகப் போங்கள். 2 வருடத்துக்குள் போட வேண்டும். ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரி சிவில் கோர்ட் போனால் 3 வருடம். எங்கே போனாலும் முதலில் கேட்பது மாற்றுக் குடியிருப்பு ஒப்பந்தம் பதிவு செய்யப்பட்டதா என்பதைத்தான்.

கிர்காவிலிருந்து:
ஒன்று சேர்க்கிறேன். சாவி வாங்காவிட்டால் டிரான்சிட் வாடகை (கட்டி முடியும்வரை வெளியே தங்க பில்டர் தரும் வாடகை) நின்றுவிடும் என்று எங்களை மிரட்டினார்கள். வயதானவர்கள் பயந்து கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், வயிறெரிகிறது. தாதர் அண்ணா சொன்ன மாதிரி ஆட்சேபம் எழுதிவிட்டு சாவியை வாங்கிக்கொள்ளுங்கள். அதே மாடியில் அளவு குறைந்த மற்ற வீட்டுக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு, ஒரே நோட்டீஸாக வக்கீல் மூலம் அனுப்புங்கள்.