புதுப்பிப்பு: பழைய டிவி எல்இடி பட்டைக்கு டிரைவர் கிடைத்தது

போன வாரம் கேட்டிருந்தேனே, சமையலறை விளக்காக்கலாம் என்று திரை உடைந்த 32 இன்ச் டிவியிலிருந்து கழற்றிய 3 பேக்லைட் பட்டைகள் (திரைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தருபவை) 12 வோல்ட் அடாப்டரில் மினுக்கென்றுகூட எரியவில்லை என்று. காரணம் சப்பையானது. ஒரு பட்டையில் 6 எல்இடி, எல்லாம் சீரீஸ், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வரிசையில். ஒன்றுக்கு 3 வோல்ட் என்றால் 18 வேண்டும். 12 எப்படிப் போதும்?

24 வோல்ட் அடாப்டர் வாங்க இருந்தேன். நல்லவேளை, வாங்கவில்லை. அடாப்டர் வோல்டேஜை மட்டும்தான் நிலையாக வைக்கும்; எல்இடிக்குக் கரண்ட்டைக் கட்டுப்படுத்துவதுதான் முக்கியம். அதைச் செய்வதுதான் டிரைவர். இல்லையென்றால் சூடேறச் சூடேற இன்னும் அதிகமாக இழுத்துக் கருகிவிடும்.

சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் பேனல் லைட் டிரைவர் ஒன்று கிடைத்தது: 24–42 வோல்ட், 300 மில்லி ஆம்பியர். இரண்டு பட்டைகளை சீரீஸில் இணைத்தேன். 36 வோல்ட், கிட்டத்தட்ட 11 வாட். மூன்றாவது? டிரைவர் ஓடிக்கொண்டிருக்கும்போதே வயரைத் தொடுத்தேன், பொசுக்கென்று போய்விட்டது. பட்டை எதுவும் மாட்டாமல் ஓடும் டிரைவரில் வோல்டேஜ் ஏறி நிற்கும். முதலில் பட்டையை மாட்டிவிட்டு அப்புறம்தான் சுவிட்ச்.

அலுமினியச் சட்டத்தில் ஒட்டி, சமையல் மேடைக்கு மேலே மாட்டியாயிற்று. வெளிச்சம் கொஞ்சம் நீலம். "ஆஸ்பத்திரி மாதிரி இருக்குடா" என்கிறார் அம்மா.