'டைடிலி' கடலில் பிறந்ததா?

கரைவலை: இங்கிலீஷில் 'டைடிலி'ன்னா (tidily) நறுவிசாக, ஒழுங்காக. அதன் வேர் 'டைட்', அதாவது கடலின் ஓதம். ஓதம் ஏறி வற்றினதும் மணல் துடைத்துவிட்ட மாதிரி கிடக்கும். இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

சொல்பொறுக்கி: ஓதம் வற்றிய கரையில் நான் பார்த்ததெல்லாம் பாசி, அறுந்த வலை, ஒற்றைச் செருப்பு. வேர் 'டைட்' என்பது சரிதான் அண்ணே. ஆனால் பழைய ஆங்கிலத்தில் அது 'டீட்', பொருள் நேரம், பருவம். ஜெர்மனில் இன்றும் 'சைட்' என்றால் காலம்தான். கடலேற்றத்தை அப்போது 'ஃப்ளோட்' என்றார்கள், வற்றுவதை 'எப்பா' என்றார்கள். 'டைட்' கடலுக்குப் போனது 14ஆம் நூற்றாண்டில். 'டைடிலி'க்கு அடிச்சொல்லான 'டைடி' 13ஆம் நூற்றாண்டிலேயே இருக்கிறது. பிள்ளை மூத்தது, அப்பன் இளையவனா?

கரைவலை: தேதி இருக்கட்டும் தம்பி. நேரத்துக்கும் சுத்தத்துக்கும் என்ன சம்பந்தம்? நேரத்துக்கு ஆபீஸ் வருகிறவன் மேசையைப் போய்ப் பாருங்கள்!

சும்மாபடிப்பவள்: சோப்புத்தூளில் இருந்து வந்த வார்த்தைன்னு நினைச்சேன் 😀

சொல்பொறுக்கி: அந்த டைட் 1946இல் வந்ததும்மா.
அண்ணே, 'பக்குவம்' என்ற சொல்லை எடுங்கள். முதலில் பழுத்த நிலை. பழம் பக்குவமாக இருக்கிறது என்போம். அதே வாயால் 'சேலையைப் பக்குவமா மடிச்சு வை' என்கிறோமே, சேலை பழுக்குமா? 'டைடி' நடந்த பாதையும் இதுதான். பருவத்துக்கு வந்தது, அப்புறம் நல்ல நிலையில் இருப்பது, கொழுத்தது. ஷேக்ஸ்பியரின் 'நான்காம் ஹென்றி' இரண்டாம் பாகத்தில் ஒருத்தி ஃபால்ஸ்டாஃபை 'டைடி' பன்றிக்குட்டி என்று கொஞ்சுகிறாள். அவன் தொப்பையும் குடியுமாகத் திரிகிறவன். சுத்தம் என்றா சொல்லியிருப்பாள்? கொழுகொழு என்கிறாள். நறுவிசு என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில்தான் கண்ணில் படுகிறது. 'டைடி சம்' என்றால் கணிசமான தொகை. அதில் பழைய கொழுப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கரைவலை: பன்றி நல்ல சாட்சிதான், ஒத்துக்கறேன். ஆனால் 'டைம் அண்ட் டைட்' யாருக்கும் காத்திருக்காது என்கிறார்களே? ரெண்டும் நேரம் என்றால் எதுக்கு ரெண்டு தடவை?

சொல்பொறுக்கி: நாம் ஏன் 'நேரங்காலம் தெரியாம' என்கிறோம்?

கரைவலை: எங்கள் பள்ளிச் சுவரில் அந்தப் பழமொழிக்குப் பக்கத்தில் பெரிய அலை வரைந்திருந்தார்கள் தம்பி. நாற்பது வருஷமா அதை நம்பிட்டு இருந்தேன்.