தரம் 10 பிள்ளைக்குக் கல்யாணப் பேச்சு, விடுகைப் பத்திரம் கேக்காங்க

கேள்வி (வாழைச்சேனை): பிள்ளைக்கு வயது 15. மூணு கிழமையா வகுப்புக்கு வரல்ல. தாய் வெளிநாட்டில. அம்மம்மா வந்து பாடசாலைய விட்டு விலகிற விடுகைப் பத்திரம் கேக்கா. குடுக்கிறதா?

பதில் 1: எந்தப் பாடசாலையில சேர்க்கப் போறாங்க எண்டு முதல்ல கேளுங்க டீச்சர். 16 வயது வரை கல்வி கட்டாயம். வரவு இடாப்புப் பிரதி, நீங்க பிள்ளைட வீட்டுக்குப் போன திகதிகளோட அதிபர் மூலம் பிரதேச செயலகச் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்குக் கடிதம் குடுங்க. அவசரமெண்டா சிறுவர் உதவி இலக்கம் 1929க்கு எடுங்க.

பதில் 2: எடுத்த எடுப்பில பொலிஸ் எண்டு மிரட்டாதீங்க. இரவோட இரவா பிள்ளைய வேற ஊருக்கு அனுப்பிருவாங்க. அம்மம்மாக்குப் பயம் ஊர்வாய்தான். தாயோட போனில கதைச்சுப் பாருங்க.

பதில் 3: கல்யாணப் பதிவுக்கு 18 வயது வேணும் (முஸ்லிம் விவாகச் சட்டம் வேற). கோயில்ல தாலி கட்டினாலும் 16க்குக் கீழ பிள்ளைட சம்மதம் செல்லாது, வழக்கு மாப்பிள்ளை மேலதான். அதை அவங்கட வீட்டில சொல்லுங்க.