மறு: 'லக்கி பேம்பூ'வுக்குத் தமிழில் என்ன பெயர்?

குழுவினருக்கு வணக்கம். கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் தண்டாக நிற்கிற வீட்டுச் செடியான லக்கி பேம்பூவுக்கு நம் செடிக் கையேட்டில் என்ன பெயர் போடுவது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> 'அதிர்ஷ்ட மூங்கில்' என்றே இருக்கட்டுமே. விற்பவருக்கும் புரியும், வாங்குபவருக்கும் புரியும்.

ஐயா, அந்தப் புரிதல்தான் சிக்கலே. மூங்கில் என்று கேட்டதும் என் அம்மாவுக்கு நன்றாகப் புரிந்தது, வெயிலில் வைக்க வேண்டிய செடி என்று. மூன்று தண்டு, கூழாங்கல், கண்ணாடிக் குவளை எல்லாவற்றையும் மொட்டைமாடிக்குக் கொண்டுபோனார். நாலே நாளில் இலை வெளுத்து, ஓரம் தீய்ந்த அப்பளம் மாதிரி ஆகிவிட்டது. கேமரூன் பக்கத்துக் காடுகளில் பெரிய மரங்களின் நிழலில் வளர்கிற செடி அது. ஜன்னல் திரை வழியாக வருகிற வெளிச்சமே அதற்குப் போதும். மூங்கில் புல் குடும்பம். இதுவோ நம் தண்ணீர்விட்டான் கிழங்கின் குடும்பம்.

'அதிர்ஷ்டம்' செய்த வேலை இன்னும் மோசம். அடித்தண்டு மஞ்சளானதும் வீட்டுக்கு ஆகாது என்று பேச்சு வந்துவிட்டது. மூன்று வாரமாகத் தண்ணீர் மாற்றவில்லை, தண்டு அழுகிவிட்டது, அவ்வளவுதான். மஞ்சளான தண்டு திரும்பப் பச்சையாகாது. மேலே பச்சையாக இருந்த துண்டை மட்டும் வெட்டிப் புதுத் தண்ணீரில் வைத்தேன், வேர் விட்டது. வேர் செம்மஞ்சளாக இருந்ததால் அதையும் அழுகல் என்று கிள்ளப் போனார் அம்மா. அதன் நிறமே அதுதான்.

சீன மொழியில் இதன் பெயருக்குச் செல்வமும் சிறப்பும் தரும் மூங்கில் என்று பொருள். நான்கு தண்டு சேர்த்து வைக்க மாட்டார்கள். அவர்கள் மொழியில் 'நான்கு' கிட்டத்தட்ட 'சாவு' போல ஒலிக்கும். அவர்களுக்கு அந்த ஒலி இருக்கிறது. நமக்கு ஆங்கிலம் வழியாக வந்த 'லக்கி' மட்டும் எதற்கு?

என் முன்மொழிவு: நீர்மரல். செடியின் அறிவியல் பெயர் டிரசீனா சாண்டெரியானா. பாம்புச் செடி என்று நர்சரியில் விற்கிறார்களே, அந்தச் சான்செவீரியா இனத்தையும் மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு டிரசீனா என்ற பேரினத்துக்குள் சேர்த்துவிட்டார்கள். அந்த இனத்தில் நம் ஊர்ச் செடி ஒன்று உண்டு, நார் எடுக்கிற மருள். சங்கப் பாடல்களில் அது மரல். ஆக, பேரினத்துக்கே நம்மிடம் பழைய சொல் கையில் இருக்கிறது.

—

மரல் எனக்குப் பிடித்திருக்கிறது தம்பி. 'நீர்' வேண்டாம். இந்தச் செடி மண்ணிலும் வளரும், நீண்ட நாளைக்கு மண்தான் நல்லது. பெயரிலேயே நீர் இருந்தால் எல்லோரும் குவளையில்தான் வைப்பார்கள். 2001இல் தென் சீனாவிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போன இதே செடியின் பெட்டிகளில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு ஏறிப் போனது நினைவிருக்கட்டும். தண்ணீரில் வைப்பவர்கள் வாரம் ஒருமுறை அதை மொத்தமாகக் கொட்டி, குவளையையும் தேய்த்துக் கழுவ வேண்டும். குளோரின் வாடை அடிக்கிற குழாய்த் தண்ணீர் என்றால் இலை நுனி கருகும், ஒரு ராத்திரி வாளியில் பிடித்து வைத்து ஊற்றலாம். மழைநீர் கிடைத்தால் இன்னும் நல்லது.

இன்னொன்று, தண்டில் தெரிகிற வளையத்தைக் கையேட்டில் 'கணு' என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அது இலை உதிர்ந்த தடம். 'இலைத்தழும்பு' என்ற சொல்லையும் அங்கே சேர்க்கலாமே?

—

சரி அக்கா, இரண்டையும் ஏற்கிறேன். மருளுக்கு இலை தரையிலிருந்தே கிளம்பும், இதற்குத்தான் நிமிர்ந்த தண்டு. அதனால் 'தண்டுமரல்' என்று வைத்துக்கொள்வோமா? 'நீர்மரல்' போல நாக்கில் வழுக்கிக்கொண்டு வராது, ஆனால் பொய் சொல்லாது. பழகும்வரை கையேட்டில் பக்கத்திலேயே லக்கி பேம்பூ என்றும் போட்டுவிடலாம்.

நேற்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "மருள் ஜாதியா? அது கொளுத்துற வெயில்ல வேலியோரமா கிடக்குமே!" என்றார். குவளையை அலமாரி மேல் தட்டுக்கு மாற்றியிருக்கிறேன்.