1 டிபி ஹார்ட் டிஸ்கில் உள்ள விண்டோஸை 240 ஜிபி எஸ்எஸ்டிக்கு மாற்ற முடியுமா?

திருவல்லிக்கேணி டிடிபி:

வணக்கம். திருமண அழைப்பிதழ் வடிவமைக்கும் சிறிய கடை நடத்துகிறேன். கடைக் கணினியில் விண்டோஸ் 10 திறப்பதற்குள் எதிர்க்கடைக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம் என்னும் அளவுக்கு ஹார்ட் டிஸ்க் மந்தமாகிவிட்டதால், ரிச்சி தெருவில் 240 ஜிபி எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்கைவிட வேகமான சேமிப்பகம்) ஒன்று வாங்கினேன். பழைய டிஸ்கில் சி டிரைவுக்கு 300 ஜிபியும், வடிவமைப்புக் கோப்புகள் உள்ள டி டிரைவுக்கு 630 ஜிபியும் ஒதுக்கியிருக்கிறேன். சி-யில் நிரம்பியிருப்பது 92 ஜிபி மட்டுமே. ஆனாலும் டிஸ்கை அப்படியே நகலெடுக்கும் குளோன் மென்பொருள், புதிய டிஸ்க் சிறியது என்று மறுக்கிறது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி-யைச் சுருக்கிப் பார்த்தால் 258 ஜிபிக்குக் கீழே இறங்கவில்லை. ஆடி மாதம் என்பதால் இப்போது வேலை குறைவு. ஆவணி முகூர்த்தங்களுக்கு முன் முடித்துவிட விரும்புகிறேன்.

பெரம்பூர் பழுதுபார்ப்பவன்:

இரண்டு சிக்கல்கள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. முதலாவது, நீங்கள் டிஸ்க் முழுவதையும் குளோன் செய்யச் சொல்லியிருக்கிறீர்கள். டி டிரைவை விட்டுவிட்டு, சி-யையும் அதற்கு முன்னால் இருக்கும் விண்டோஸைத் தொடங்கி வைக்கும் கோப்புகள் உள்ள சிறிய 'சிஸ்டம் ரிசர்வ்டு' பார்ட்டிஷனையும் (டிஸ்கின் தனிப் பகுதி) மட்டும் தேர்ந்தெடுங்கள். பலர் அந்தச் சிறியதைக் குப்பை என்று எண்ணி விட்டுவிடுகிறார்கள். பிறகு கணினி பூட் ஆகாமல் கடைக்கு எடுத்து வருகிறார்கள்.

இரண்டாவது, சுருக்கம் 258-இல் நிற்பதற்குக் காரணம் கோப்புகளின் அளவு அன்று, அவற்றில் ஒன்று இருக்கும் இடம். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது நகர்த்த முடியாத சில கோப்புகள் உண்டு: ஹைபர்னேஷன் கோப்பு (அணைக்கும்போது நினைவகத்தில் உள்ளதைச் சேமிப்பது), பேஜ் கோப்பு (நினைவகம் போதாதபோது உதவுவது), ரீஸ்டோர் பாயிண்டுகள் (பழைய நிலைக்குத் திரும்ப விண்டோஸ் சேமித்து வைப்பவை). பாதிப் பேருந்து காலியாக இருந்தாலும் கடைசி இருக்கையில் ஒருவர் அசையாமல் உட்கார்ந்திருந்தால் பேருந்தை வெட்டிக் குறைக்க முடியாது அல்லவா? சுருக்க முயன்ற உடனே விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, அப்ளிகேஷன் பகுதியில் 259 என்னும் எண்ணுள்ள பதிவைப் பாருங்கள்; வழிமறிக்கும் கோப்பின் பெயர் அதில் எழுதியிருக்கும். ஹைபர்னேஷனையும் பேஜ் கோப்பையும், ரீஸ்டோர் பாயிண்டுகளை உருவாக்கும் சிஸ்டம் புரொடெக்‌ஷனையும் தற்காலிகமாக நிறுத்திவிட்டு, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து மீண்டும் சுருக்குங்கள்.

240 ஜிபி என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது விண்டோஸில் ஏறத்தாழ 223 என்றே தெரியும் என்பதால், சி-யை 180 அளவில் நிறுத்துங்கள். யுபிஎஸ் இல்லாமல் இந்த வேலையில் கை வைக்க வேண்டாம். டி-யில் உள்ளவற்றுக்கும் முதலில் ஒரு நகல் எடுத்துவிடுங்கள்.

குரோம்பேட்டைவாசி:

இவ்வளவு பாடு எதற்கு? விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. கணினி தாங்குமானால் எஸ்எஸ்டியில் விண்டோஸ் 11-ஐப் புதிதாக நிறுவிவிடுங்கள்.

திருவல்லிக்கேணி டிடிபி:

நியாயமான யோசனைதான். ஆனால் என் பிழைப்பு பேஜ்மேக்கர் 7 என்னும் பக்க வடிவமைப்பு மென்பொருளிலும், யூனிகோடுக்கு முந்தைய பழைய தமிழ் எழுத்துருக்களிலும் இருக்கிறது. அவற்றை நிறுவித் தந்த சிடி கீறல் விழுந்து வருடங்கள் ஆகின்றன. இருப்பதை அப்படியே பெயர்த்து வைப்பதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

அடையாறு லினக்ஸ் பயனர்:

அப்படியானால் குளோன்தான் சரி. குளோன்சில்லா என்னும் இலவச குளோன் மென்பொருள், இலக்கு டிஸ்க் மூலத்தைவிடச் சிறியதாக இருந்தால் இயல்பாக ஏற்காது. பார்ட்டிஷன்களைத் தனித்தனியாகத் தேர்வுசெய்ய விடும் மென்பொருளே உங்களுக்கு ஏற்றது.

குளோன் முடிந்ததும் கணினியை அணைத்து, பழைய டிஸ்கின் கேபிளைக் கழற்றிவிட்டு, எஸ்எஸ்டியை மட்டும் வைத்து முதல்முறை பூட் செய்யுங்கள். சில மென்பொருள்கள் டிஸ்கின் அடையாள எண்ணையும் சேர்த்தே நகலெடுப்பதால், இரண்டும் ஒன்றாக இணைந்திருந்தால் விண்டோஸ் குழம்பி ஒன்றை 'ஆஃப்லைன்' ஆக்கிவிடும். பிறகு பழையதை இணைக்கும்போது பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அமைப்புத் திரை) எஸ்எஸ்டி முதலில் வருகிறதா என்று பாருங்கள். டி டிரைவின் எழுத்து மாறிவிடவும் கூடும். பேஜ்மேக்கர் கோப்பில் இணைத்த படங்களை அவை இருக்கும் பாதையை வைத்தே தேடும் என்பதால், மாறியிருந்தால் எந்தக் கோப்பையும் திறப்பதற்கு முன் டி என்றே திருத்திவிடுங்கள்.

திருவல்லிக்கேணி டிடிபி:

ஞாயிற்றுக்கிழமை முடித்துவிட்டேன். ஹைபர்னேஷனை நிறுத்திய பிறகும் 241-இல் நின்றது; 259 பதிவைப் பார்த்ததில் ரீஸ்டோர் பாயிண்ட் கோப்பு ஒன்று குறுக்கே இருந்தது. சிஸ்டம் புரொடெக்‌ஷனை நிறுத்தியதும் 180-க்கு இறங்கியது. டி டிரைவு ஈ என்றுதான் வந்தது. அதை மாற்றிவிட்டு முதலில் ஒரு பழைய அழைப்பிதழைத் திறந்தேன்; மேலே இருந்த பிள்ளையார் படம் உட்பட எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. பழைய சி-யை ஆவணி முடியும்வரை அழிக்கப் போவதில்லை.