கேள்விப் பெட்டிக்கு மேல் என்ன எழுதி வைப்பது?

காட்பாடிக்காரர்:
வணக்கம். வேலூர், அணைக்கட்டு, குடியாத்தம் பக்கத்து விவசாயிகளுக்காக நண்பர்கள் நால்வர் சேர்ந்து ஒரு கேள்வி பதில் தளம் நடத்துகிறோம். ‘தெளிவாகவும் விரிவாகவும் கேளுங்கள்’ என்று பெட்டிக்கு மேல் எழுதியிருந்தும், ‘கத்திரியில் இலை சரியில்லை, என்ன மருந்து அடிக்கலாம்?’ என்ற அளவிலேயே கேள்விகள் வருகின்றன. குறைந்தது 50 எழுத்தாவது வேண்டும் என்று கட்டாயமாக்கினோம். ஒருவர் அதே கேள்வியின் பின்னால் ‘அவசரம் அவசரம் அவசரம்’ என்று சேர்த்துக் கணக்கை முடித்துவிட்டார். வாசகத்தை எப்படி மாற்றலாம்?

குடியாத்தத்தார்:
எழுதுகிறவருக்குத் தம் கேள்வி எப்போதும் தெளிவாகத்தான் இருக்கும், ஐயா; ஆகவே ‘தெளிவாக’ என்ற சொல் அவரிடம் எதையும் கேட்கவில்லை. அவர் கண்ணால் கண்டதைக் கேளுங்கள். கத்திரியையே எடுத்துக்கொண்டால், நுனித்தண்டு வாடித் தொங்கும்போது முதலில் தண்டு துளைக்கும் புழுவைத்தான் சந்தேகிக்க வேண்டும். இலைகள் சிறுத்து, செடி புதர்போல் அடர்ந்து, காய் பிடிக்காமல் நின்றால் அது தத்துப்பூச்சி பரப்பும் சிற்றிலை நோயாக இருக்கலாம், அந்தச் செடியைப் பிடுங்கி அழிப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஒன்றுக்குச் சொல்லும் பதில் மற்றதற்குப் பயன்படாது. ‘நுனி வாடியிருக்கிறதா, இலை சிறுத்திருக்கிறதா? நட்டு எத்தனை நாள்? இதுவரை என்ன அடித்தீர்கள், அடித்தபின் என்ன ஆனது?’ என்று பெட்டியே கேட்டால், பதில் சொல்பவர் நான்கு முறை திருப்பிக் கேட்க வேண்டியிருக்காது. எழுத்து எண்ணிக்கையை எடுத்துவிடுங்கள்.

ஆம்பூர் நிரலாளர்:
தடை போட்டால் சுற்றிக்கொண்டு போவார்கள் என்பதற்கு என் தொழிலிலேயே சான்று உண்டு. கணினி நிரல் எழுதுபவர்களுக்காக 2008-இல் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற கேள்வி பதில் தளம், ‘பிராப்ளம்’ என்ற ஆங்கிலச் சொல் தலைப்பில் வந்தால் ஏற்காதபடி செய்தது. சிலர் அதையே எழுத்துப் பிழையோடு எழுதி உள்ளே நுழைந்தார்கள். ஆனால் அதே தளம், தலைப்பைத் தட்டச்சு செய்யும்போதே முன்பு கேட்கப்பட்ட அதுபோன்ற கேள்விகளைக் காட்டியது நல்ல ஏற்பாடு. அதை நீங்களும் செய்யலாம்.

அணைக்கட்டு விவசாயி:
எல்லாம் சரி, ஆனால் நான் வரப்பில் நின்றுகொண்டு, கையில் சேற்றோடு போனில் கேட்கிறவன். பத்துப் பெட்டிகளைக் காட்டினால் மூடிவிட்டு மருந்துக்கடைக்கே போய்விடுவேன். மூன்று கேள்விக்கு மேல் வேண்டாம். இலையின் அடிப்பக்கத்தையும் சேர்த்து இரண்டு படம் கேளுங்கள், அதை எடுப்பது எனக்குச் சுலபம். கேள்வி கேட்பவரை மட்டும் திருத்துவானேன்? ‘நல்ல மருந்து இருக்கிறது, போன் செய்யுங்கள்’ என்று எழுதுகிறவருக்கு எந்தத் தடையும் இல்லையே. பதில் பெட்டியிலும் ‘இது உங்கள் வயலில் செய்து பார்த்ததா, கேள்விப்பட்டதா, நீங்கள் விற்பதா?’ என்று கேட்டு, விடையைப் பதிலின் தலையிலேயே காட்டுங்கள்.

காட்பாடிக்காரர்:
நன்றி. மூன்று கேள்விகளையும் இரண்டு படங்களையும் கத்திரிக்கு மட்டும் முதலில் வைத்துப் பார்க்கிறோம். நெல்லுக்கும் நிலக்கடலைக்கும் கேட்க வேண்டியவை வேறு என்பதால், அவற்றைப் பயிரிடுபவர்களே எழுதித் தந்தால் சேர்த்துக்கொள்வோம். பதில் பெட்டிக்கான அந்த வரியை இன்றிரவே போட்டுவிடுகிறேன்.