சனிக்கிழமை சம்பளமும் தொண்ணூறு நாள் பில்லும்

பெருமாநல்லூர், தையல் ஜாப் ஒர்க்:

கம்பெனிகள் கொடுக்கும் துணியைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட் என்னுடையது. அதை 2019-ல் மூடினேன். மூடிய வாரத்தில்கூட கட்டிங் மேசை மேல் அடுத்த ஆர்டருக்கான துணி அடுக்கி வைத்திருந்தது. வேலை இல்லாமல் மூடவில்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சொந்தக்காரர்கள் இன்றைக்கும் "ஆர்டர் கிடைக்கலையாமே" என்றுதான் கேட்கிறார்கள்.

ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் எல்லாம் சேர்த்து 18 மெஷின். டெய்லர், கைமடி (டெய்லருக்கு உதவியாள்), செக்கிங், அயர்னிங் என்று 30 பேர். வாரச் சம்பளம் 90,000 ரூபாய். திருப்பூரில் சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் கைக்கு வந்தாக வேண்டும். ஒரு வாரம் தள்ளினால் திங்கட்கிழமை டெய்லர் வேறு கம்பெனியில் உட்கார்ந்திருப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கும் வாடகையும் அரிசியும் இருக்கிறது. எனக்குத் துணி கொடுத்த கம்பெனியோ பில் போட்டு 90 நாள் கழித்துத்தான் செக் கொடுக்கும். 90 நாள் என்றால் 13 வாரம். 13 வாரச் சம்பளம் 11,70,000 ரூபாய். மெஷின்களுக்குப் போட்ட பணத்தைவிட இது அதிகம். தொடங்கும்போது மெஷினுக்கும் ஷெட் அட்வான்ஸுக்கும்தான் கணக்குப் போட்டேன். இந்தப் பணம் எங்கிருந்து வரும் என்று யோசிக்கவே இல்லை.

ரெண்டு வட்டிக்கு வாங்கினேன். நம்ம பக்கம் ரெண்டு வட்டி என்றால் நூற்றுக்கு மாசம் 2 ரூபாய், வருஷத்துக்கு 24. ஒரு லட்ச ரூபாய் பில்லை எடுத்துக்கொள்ளுங்கள். சம்பளம், வாடகை, கரண்ட் எல்லாம் போக 8,000 நிற்கும். செலவான 92,000-க்கு மூன்று மாச வட்டி 5,520. மிச்சம் 2,480. இதில் கறை, தையல் கோணல் என்று ஒரு பெட்டி திரும்பி வந்து, டெபிட் நோட் போட்டு அந்தத் தொகையைப் பில்லில் பிடித்துவிட்டால் அந்த 2,480-ம் போச்சு. ஜி.எஸ்.டி. வேறு, பணம் வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த மாசம் 20-ம் தேதிக்குள் கட்டியாக வேண்டும்.

இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டதே என் மனைவி கேட்ட பிறகுதான். "லாபம் வருதுங்கறீங்க, அப்புறம் என்ற வளையல் ஏன் இன்னும் பேங்க்ல இருக்குது?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

உங்களுக்கு எங்கே அடி விழுந்தது என்று எழுதுங்கள். புதிதாக இறங்குகிற பையன்களுக்கு உதவும்.

கோவை கணபதி, லேத் பட்டறை:

அண்ணா, எனக்குப் பணம் ஒழுங்காகத்தான் வந்தது, 45-ம் நாள் தவறாது. ஆனால் ஒரே கம்பெனி. பம்ப் ஷாப்ட் வேலை. என் வேலையில் பத்துக்கு எட்டு பங்கு அவர்களுடையது. "இன்னும் ரெண்டு மடங்கு கொடுக்கிறோம், சி.என்.சி. போடுங்க" என்றார்கள். கம்ப்யூட்டரில் ஓடும் லேத் அது. லோன் எடுத்துப் போட்டேன். 14 மாசத்தில் அவர்களே சொந்தமாக மெஷின் போட்டுக்கொண்டார்கள். அவர்கள் ஏமாற்றினார்கள் என்று சொல்ல மாட்டேன், எழுத்தில் எதுவும் நான் வாங்கவில்லை. லோன் தவணை மட்டும் நிற்கவில்லை. 2022 செப்டம்பரில் கரண்ட் கட்டணம் ஏறியபோது நிலைக்கட்டணமும் ஏறியது. அது மெஷின் ஓடாத மாசத்துக்கும் உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரேட் கேட்டால் பக்கத்து ஷெட்டில் என்ன சொன்னார்கள் என்று விசாரித்து, அதில் 50 பைசா குறைத்துச் சொல்வதுதான் எங்கள் வழக்கம். வேலை குறைந்த நாளில் ஒருமுறை போனில் டைமர் போட்டு ஒரு ஷாப்ட்டுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தேன். மாட்டுவது, சென்டர் பார்ப்பது, கடைவது, மைக்ரோமீட்டர் வைத்து அளப்பது, கழற்றி எண்ணெய் துடைப்பது. மூன்று நிமிஷம் என்று நினைத்திருந்தேன், நாலு நிமிஷம் இருபது செகண்ட் ஆனது. இன்செர்ட், அதாவது கடையும் முனையின் தேய்மானத்தை நான் சேர்த்ததே இல்லை. என் சம்பளத்தையும் சேர்த்ததில்லை, காலை எட்டு மணி முதல் ராத்திரி பத்து வரை நிற்கிறேன். எல்லாம் சேர்த்தால் 10.50-க்குக் கொடுத்த ஷாப்ட்டுக்கு எனக்கே 11.40 ஆகியிருக்கிறது.

இப்போது பம்ப், வெட் கிரைண்டர், டெக்ஸ்டைல் மெஷின் ஸ்பேர் என்று நாலு இடத்து வேலை செய்கிறேன். எவருடைய வேலையும் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட விடுவதில்லை.

கோபி, பேக்கரி:

எங்கள் கதை கல்லாவில் இருக்கிறதுங்க. கடையில் கூட்டம் குறைந்ததே இல்லை. டீ, பப்ஸ், தேங்காய் பன் எல்லாம் ஓடும். ஆனால் வீட்டுக்கு எது வேண்டுமானாலும் கல்லாவில் இருந்துதான் போகும். நாத்தனார் மகள் பெரியவளானதற்குத் திரட்டிச் சீர் வந்தது. தாய்மாமன் சீர் இல்லையா, விட முடியுமா? என் வீட்டுக்காரர் கல்லாவில் இருந்து 60,000 எடுத்தார். அந்த வாரம் மைதாக்காரருக்கும் நெய்க்காரருக்கும் கொடுக்க வேண்டிய பணம் அது. சரக்குக்காரர் ரொக்கம் வைத்தால்தான் மூட்டை இறக்குவேன் என்று சொல்லிவிட்டார், ரொக்கத்துக்கு வட்டிக்கு வாங்கினோம். சீர் செய்தது தப்பில்லை. அது கடைப் பணமா, எங்கள் பணமா என்று தெரியாமல் எடுத்ததுதான் தப்பு.

இப்போது கடைக்குத் தனி பேங்க் கணக்கு. ஒண்ணாம் தேதி அவருக்கு 18,000, எனக்கு 12,000 சம்பளம். சீர், மொய், நோம்பிச் செலவு எல்லாம் அதற்குள்தான். முதல் மூன்று மாசம் வீட்டில் சண்டை. பிறகு கடையில் உண்மையில் எவ்வளவு நிற்கிறது என்பது கண்ணுக்குத் தெரிந்தது.

கடன் நோட்டையும் மூடிவிட்டேன். அதில் 43,000 ரூபாய் இருந்தது, 9,000 வசூலானது. தெரிந்த முகங்கள்தான், பாக்கி வைத்த பிறகு கடைப் பக்கமே வருவதில்லை. பணத்தோடு வாடிக்கையும் போய்விட்டது.

ஈரோடு, கணக்கு எழுதுகிறவன்:

பெருமாநல்லூர் அண்ணாவுக்கு. நீங்கள் சொன்ன 90 நாள் சட்டப்படி செல்லாது. 2006 குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டத்தில், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள். அதைத் தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வட்டி விகிதமான பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. குறு, சிறு தொழிலுக்கான அரசின் உத்யம் பதிவு செய்திருந்தால் அரசின் இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். 2023-24 கணக்கு ஆண்டிலிருந்து வருமான வரியிலும் ஒரு பிடி வந்திருக்கிறது. குறு, சிறு யூனிட்டுக்கு நாள் தாண்டிக் கொடுக்கும் பணத்தை, வேலை வாங்கிய கம்பெனி, அதைக் கொடுத்த வருஷத்தில்தான் செலவாகக் காட்ட முடியும். அதனால் மார்ச் மாசம் வந்தால் பெரிய கம்பெனிகளின் அக்கவுண்ட்ஸில் இருந்து எனக்கே போன் வருகிறது. தயாரிப்பு, ஜாப் ஒர்க், சேவை செய்கிறவர்களுக்குத்தான் இது, வாங்கி விற்கும் வியாபாரிக்குக் கிடையாது.

புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராது என்று பயப்படுகிறார்கள், புரிகிறது. குறைந்தபட்சம் பில்லில் உத்யம் எண்ணையும் பணம் வர வேண்டிய தேதியையும் அச்சடித்துக் கொடுங்கள். அதைப் பார்த்தே சிலர் முன்னால் கொடுத்துவிடுகிறார்கள்.

சோமனூர், கூலித் தறி:

எல்லாம் சரிங்க. பாவும் ஊடை நூலும் கொடுத்துத் துணி வாங்கிக்கொள்கிறவர் சொல்வதுதான் எங்களுக்குக் கூலி. அரசு உட்கார்ந்து பேசி முடித்த கூலியையே வாங்கப் போராட வேண்டியிருக்கிறது. எட்டுத் தறிக்காரன் போய் மீட்டருக்கு இவ்வளவு ஆகிறது என்று டைமர் கணக்குக் காட்டினால், நூலை வேறு வீட்டில் இறக்கிவிடுவார்கள். எங்களுக்குத் தனித்தனியாக வழி இல்லை, சங்கமாகச் சேர்ந்து நின்றபோதுதான் ஏதோ ஏறியது.

பெருமாநல்லூர், தையல் ஜாப் ஒர்க்:

சோமனூர் அண்ணா சொல்வது உண்மை. நான் கீழே சொல்கிற வழி, வேண்டாம் என்று சொல்ல முடிகிற இடத்தில் இருப்பவனுக்குத்தான். நானே அந்த இடத்துக்கு வர, 18 மெஷினை 6 ஆகக் குறைக்க வேண்டியிருந்தது.

2021-ல் திரும்பத் தொடங்கியபோது, பத்து வாரச் சம்பளத்தைப் பேங்கில் போட்டுவிட்டுத்தான் மெஷின் வாங்கினேன். கொழும்பு, துபாய் ஏற்றுமதி வேண்டாம் என்று உள்ளூர் மார்க்கெட் சரக்குத்தான் தைக்கிறேன். எப்படி அட்வான்ஸ் கேட்கிறீர்கள் என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். துணி வந்த பிறகு கேட்டால் கிடைக்காது. சாம்பிள் பீஸைக் கையில் கொடுக்கும்போதே சொல்லிவிடுவேன்: "மூன்றில் ஒரு பங்கு துணியோடு வரணும், மீதி வாரா வாரம் டெலிவரி எடுக்கும்போது." போன மாசம் 4,000 டீ-ஷர்ட்டோடு வந்தவர் 60 நாள் என்றார். முடியாதுங்க என்றேன். சாம்பிளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த வேலை வர ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் ரெண்டு மெஷின் சும்மா நின்றன, சனிக்கிழமை சம்பளம் பேங்கில் இருந்த பணத்தில் போனது.